பூ வைக்கலாமா... பிரசாதம் சாப்பிடலாமா? தாம்பரம் வட்டார சுவிசேஷக் கிறிஸ்தவ வீடுகளைப் புரிந்துகொள்ள ஒரு கையேடு!

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் தினமும் போய்வருகிறவர்களுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. சின்னதாக ஒரு கைப்பிரதியை நீட்டி, அன்பாகவே கேட்பார்கள்... "ரட்சிக்கப்பட்டீங்களா தம்பி?"

சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு எரிச்சல் வரும். கேட்கிறவருக்கோ அது வாழ்வா, சாவா பிரச்னை.

இதே வட்டாரத்தில் இன்னும் சில காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆயுத பூஜை அன்று ஆபீஸில் கொடுக்கும் பொரியை ஒரு தோழி மட்டும் வாங்க மாட்டார். நண்பன் வீட்டுக் கல்யாணத்தில் தாலி இருக்காது, மோதிரம்கூட இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா ஞானஸ்நானம் எடுத்த கையோடு கம்மலைக் கழற்றியிருப்பார். ஆனால், அதே வீட்டில் மாப்பிள்ளை தேடும்போது மட்டும், 'நம்ம ஆளுங்கதானே?' என்று ஒரு விசாரணை ஓடும்.

பூ வேண்டாம், பொட்டு வேண்டாம், சாதி மட்டும் வேணுமா? இந்தக் கேள்வியை வெளியாட்கள் மட்டும் கேட்கவில்லை. 200 வருஷமாகத் தமிழ்க் கிறிஸ்தவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த விவாதத்தின் உலகளாவிய எபிசோடு ஒன்று நம்ம தாம்பரத்திலேயே நடந்திருக்கிறது. நம்பிக்கை எது, பாவம் எது, வெறும் கலாசாரம் எது... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, 'சுவிசேஷ' கிறிஸ்தவர்னா யாரு?

சுவிசேஷம் என்றால் நற்செய்தி. 'எவாஞ்சலிக்கல்' என்ற சொல்லுக்குத் தமிழில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு சின்னக் குழப்பம் உண்டு. 1919-ல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பெயரிலும் 'சுவிசேஷ' இருக்கிறது. அங்கே அது மார்ட்டின் லூதர் வழிவந்த புராட்டஸ்டன்ட் மரபைக் குறிக்கும் பழைய பொருள். இன்றைக்கு நாம் பேசும் பொருள் கொஞ்சம் வேறு.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-ல் இதற்கு நான்கு அடையாளங்களைச் சொன்னார். இன்றைக்கும் ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தாளும் வரையறை இதுதான்.

1. மனமாற்றம்: கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் தனிப்பட்ட முறையில் மனம் திரும்ப வேண்டும்.
2. வேதாகமம்: எந்தக் கேள்விக்கும் கடைசித் தீர்ப்பு பைபிள்தான்.
3. சிலுவை: மனிதனின் பாவத்துக்காக இயேசு இறந்தார் என்பதே நம்பிக்கையின் மையம்.
4. செயல்: நம்பியதை அடுத்தவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ரயிலில் நீளும் அந்தக் கைப்பிரதி இந்த நான்காவது அடையாளம்தான்.

ஆக, இது ஒரு தனி சபையின் பெயர் இல்லை, ஒரு மனநிலை. சி.எஸ்.ஐ. சபைக்குள்ளும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. இந்திய சுவிசேஷ திருச்சபை, அசெம்பிளி ஆஃப் காட், மாடியில் ஷீட் போட்டு நடக்கும் சின்னச் சின்ன சுயாதீன சபைகள் எல்லாவற்றிலும் உண்டு. சைதாப்பேட்டை சின்னமலையில் உள்ள நியூ லைஃப் அசெம்பிளி ஆஃப் காட், நாட்டின் பெரிய சபைகளில் ஒன்று. 1920-களில் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையிடம் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில்தான் இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழகத்தில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவிகிதம், அதாவது சுமார் 44 லட்சம் பேர். ஆனால், எந்தச் சபையில் எத்தனை பேர் என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்வதில்லை. நெல்லை, தூத்துக்குடி, குமரியிலிருந்து வேலைக்காக வந்து புறநகரில் வீடு வாங்கிய குடும்பங்கள், ஊரில் இருந்து தங்கள் சபைப் பழக்கங்களையும் கையோடு கொண்டுவந்தன. அதனால்தான் இந்த வட்டாரத்தில் ஒரே தெருவில் மூன்று வகை ஆராதனையைக் கேட்க முடிகிறது.

ஒரு மினி அகராதி

இந்த வார்த்தைகள் புரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

- பாவம்: கொலை, திருட்டு மட்டுமல்ல. கடவுளை விட்டு விலகி நிற்கும் நிலையே பாவம். தப்பான செயல்கள் அந்த நிலையின் விளைவுகள்.
- மனந்திரும்புதல்: தப்பை உணர்ந்து வருந்துவதோடு நிற்காமல், திசையை மாற்றி நடப்பது.
- ரட்சிப்பு: பாவத்திலிருந்து விடுதலை. நல்ல காரியம் செய்து சம்பாதிப்பதல்ல, இலவசமாகக் கிடைப்பது என்பது இவர்கள் நம்பிக்கை. பலர், 'நான் இந்த வருஷம், இந்தக் கூட்டத்தில் ரட்சிக்கப்பட்டேன்' என்று தேதியோடு சொல்வார்கள்.
- ஞானஸ்நானம்: சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் குழந்தைக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுப்பார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் விவரம் தெரிந்த வயதில், தண்ணீரில் முழுக்கிக் கொடுப்பார்கள். ஒரே குடும்பத்தில் இதற்காகவே சண்டை வருவதுண்டு. 'குழந்தையில கொடுத்தது செல்லாதா?' என்று பாட்டி அழுவார்.
- அபிஷேகம், அந்நிய பாஷை: பரிசுத்த ஆவியால் நிறைந்து, கற்காத மொழியில் பேசும் அனுபவம். பெந்தெகொஸ்தே சபைகளின் தனி அடையாளம்.
- சாட்சி: கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததை எல்லோர் முன்பும் எழுந்து நின்று சொல்வது.
- உலகம்: 'அவன் உலகத்துக்குப் போயிட்டான்' என்றால், வெளிநாடு போய்விட்டான் என்று அர்த்தமில்லை. சபையை விட்டு விலகி, பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டான் என்று அர்த்தம்.
- அந்நிய நுகம்: விசுவாசி அல்லாதவரைத் திருமணம் செய்வது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் கடிதத்திலிருந்து வந்த சொல்.

சரி, இந்தத் தமிழ் ஏன் இவ்வளவு பழசா இருக்கு? காரணம், 1871-ல் வெளியான ஹென்றி பவரின் மொழிபெயர்ப்பு. புராட்டஸ்டன்ட் சபைகள் பெரும்பாலும் இன்றும் வாசிப்பது அதைத்தான். 'பரிசுத்த ஆவி', 'தேவன்', 'கர்த்தர்' எல்லாம் அந்தத் தமிழ். அதற்கு முந்தைய ஃபெப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பில் கடவுளுக்கு 'பராபரன்' என்று பெயர். கத்தோலிக்கர்கள் 'சர்வேசுரன்' என்றார்கள். பின்னால் வந்த மொழிபெயர்ப்புகள் 'கடவுள்' என்றன. பராபரன், சர்வேசுரன், தேவன், கடவுள்... எல்லாமே ஏற்கெனவே தமிழ்ச் சமயங்களில் புழங்கிய சொற்கள். 'தமிழ்க் கலாசாரம் வேண்டாம்' என்று சொல்கிறவர்கூட ஜெபத்தைத் தொடங்கும் முதல் வார்த்தையிலேயே அந்தக் கலாசாரத்துக்குள் நின்றுதான் பேசுகிறார்.

பூ, நகை, பொட்டு, பிரசாதம்... இந்த விதிகள் எங்கிருந்து வந்துச்சு?

எல்லாச் சபைக்கும் ஒரே விதி கிடையாது. முதலில் இதைப் புரிந்துகொள்வது முக்கியம்.

நகை: பேதுருவும் பவுலும் எழுதிய கடிதங்களில், பெண்களின் அழகு வெளி அலங்காரத்தில் இல்லை என்ற அறிவுரை வருகிறது. இதைச் சில பெந்தெகொஸ்தே சபைகள் அப்படியே விதியாக எடுத்துக்கொண்டு, நகையே போடுவதில்லை. சி.எஸ்.ஐ. சபைகளில் நகைக்குத் தடை இல்லை. அங்கே இதை 'ஆடம்பரம் வேண்டாம்' என்ற பொருளில் படிக்கிறார்கள்.

பொட்டு, பூ: பைபிளில் பொட்டு பற்றி எதுவும் இல்லை. அது வேறு வழிபாட்டின் அடையாளம் என்று கருதுவதால் தவிர்க்கிறார்கள். பூ விஷயத்தில் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்காரும் அம்மாக்களையும் பார்க்கலாம். பூவே வைக்காத சபைகளையும் பார்க்கலாம்.

பிரசாதம்: பவுல் இதைப் பற்றி நீளமாகவே எழுதியிருக்கிறார். கொரிந்து நகரத்தில், சிலைக்குப் படைத்த உணவைச் சாப்பிடலாமா என்ற கேள்வி எழுந்தது. அவர் பதிலில் இரண்டு பக்கமும் உண்டு. உணவில் ஒன்றும் இல்லை. ஆனால், அதைப் பார்க்கும் இன்னொருவரின் மனச்சாட்சி இடறுமானால் தவிர்க்க வேண்டும். வழிபாட்டிலேயே பங்கெடுப்பது கூடாது. ஒருவர் 'சாப்பிட மாட்டேன்' என்பதற்கும், இன்னொருவர் 'சாப்பிட்டா என்ன?' என்பதற்கும் ஆதாரம் ஒரே கடிதம்தான்!

தாலி: பல சி.எஸ்.ஐ., லுத்தரன் திருமணங்களில் தாலி உண்டு. அதில் சிலுவையோ, புறாவோ, திறந்த வேதாகமமோ பொறித்திருக்கும். சில பெந்தெகொஸ்தே திருமணங்களில் தாலிக்குப் பதில் வேதாகமத்தை மாற்றிக்கொள்வார்கள்.

பொங்கல்: சூரியனுக்குப் படைப்பதால் வேண்டாம் என்பவர்கள் உண்டு. உழவர் திருநாள்தானே என்று கொண்டாடுபவர்களும் உண்டு. சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை நடக்கும். காய்கறி, வாழைத்தார், கோழி எல்லாம் காணிக்கையாக வந்து, ஏலம் போகும். ஒரு கத்திரிக்காய் 500 ரூபாய்க்குப் போனால்கூட ஆச்சர்யப்பட வேண்டாம்.

ஆக, விதி பைபிளிலிருந்து நேராக வருவதில்லை. பைபிள் வசனம், அதைப் படிக்கும் சபை, அந்தச் சபை வளர்ந்த ஊர் மூன்றும் சேர்ந்துதான் விதியாகிறது.

தஞ்சாவூரில் ஒரு பழைய சண்டை

இது நேற்று தொடங்கிய பஞ்சாயத்து இல்லை. வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864) தமிழின் பெரிய கிறிஸ்தவக் கவிஞர். 'பெத்லகேம் குறவஞ்சி' அவர் எழுதியது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் நட்பைப் பெற்றவர். ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மன் மிஷனரியிடம் வளர்ந்தவர்.

1820-களில் புது மிஷனரிகள் வந்தார்கள். பழைய பழக்கங்களை மாற்றச் சொன்னார்கள். சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். அவருடைய புகார்கள் நான்கு. பழைய பைபிள் மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். விசேஷங்களில் பூவைத் தடுக்கிறார்கள். ஆராதனையில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுக்கிறார்கள். சாதி வித்தியாசம் இல்லாமல் எல்லோரையும் கலக்கச் சொல்கிறார்கள்.

முதல் மூன்றைப் படிக்கும்போது, 'சாஸ்திரியார் சொல்றது சரிதானே!' என்று தோன்றும். நான்காவதில் தூக்கிவாரிப்போடும். அவருக்குப் பூவும் பாட்டும் சாதியும் ஒரே மூட்டைக்குள் இருந்தன. அதன் பெயர் 'நம்ம வழக்கம்.' மிஷனரிகளுக்கும் அது ஒரே மூட்டைதான். அதன் பெயர் 'அஞ்ஞானம்.' மூட்டையைப் பிரித்து, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று சொல்ல அன்றைக்கு இரண்டு பக்கமும் ஆளில்லை.

1850-ல் சென்னையில் கூடிய புராட்டஸ்டன்ட் மிஷனரிகளின் மாநாடு ஒரு கறாரான முடிவெடுத்தது. சாதியை விட்டு, மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடத் தயாராக இல்லாதவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இதில் சேரவில்லை. சாதியை இவ்வளவு கடுமையாக அணுகத் தேவையில்லை என்பது அவர்கள் வாதம். 'சாதி பாவமா, பழக்கமா?' என்பதுதான் அன்றைய கேள்வியே.

இன்னொரு பக்கம், கலாசாரத்தை உடைத்ததாலேயே நல்லது நடந்த கதையும் உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்பது அங்கே வழக்கம். கிறிஸ்தவர்களான பெண்கள் மிஷனரிகள் கொடுத்த ஊக்கத்தில் குப்பாயம் அணிந்தார்கள், அடி வாங்கினார்கள். தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்தது. 1859-ல் மன்னரின் அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை ஏற்றது. 'கலாசாரத்தைக் கெடுக்கிறாங்க' என்ற குற்றச்சாட்டு அன்றைக்கும் எழுந்தது. கெட்டுப்போனது எது என்று இன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இல்லை.

உலகமே தாம்பரத்துக்கு வந்த டிசம்பர்

இனி நம்ம ஏரியா. 1837-ல் சென்னை நகருக்குள் ஒரு பள்ளியாகத் தொடங்கிய சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, 100 ஆண்டுகள் கழித்து 1937-ல் தாம்பரத்தில் 365 ஏக்கருக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டே, 1938 டிசம்பரில், அந்தப் புது வளாகத்தில் அகில உலக மிஷனரி கவுன்சிலின் மாநாடு நடந்தது. முதலில் சீனாவில் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். ஜப்பான் - சீனா போரால் அது தாம்பரத்துக்கு வந்தது. ஏறக்குறைய 70 நாடுகளிலிருந்து சுமார் 470 பேர் கலந்துகொண்டார்கள். உலகக் கிறிஸ்தவ வரலாற்றுப் புத்தகங்களில் 'தாம்பரம் 1938' என்றே அதற்குப் பெயர்.

மாநாட்டின் பெரிய விவாதம் என்ன தெரியுமா? மற்ற மதங்களிலும் கலாசாரங்களிலும் கடவுள் இருக்கிறாரா என்பதுதான்.

நெதர்லாந்து அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் ஒரு பக்கம். இயேசுவில் வெளிப்பட்டது எந்த மதத்தின் தொடர்ச்சியும் இல்லை, அது முற்றிலும் புதியது என்றார். அதே அளவுகோலால், மனிதர்கள் கட்டிய கிறிஸ்தவ மதமும் தீர்ப்புக்கு உட்பட்டதே என்றும் சொன்னார். இந்த இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கல்லூரி முதல்வராக இருந்த ஏ.ஜி.ஹாக் இன்னொரு பக்கம். பல வருஷம் இந்து மாணவர்களோடு பழகிய மனிதர். அவர்களிடம் தான் காண்பது வெறும் தேடல் இல்லை, உண்மையான விசுவாசம் என்று அவர் வாதாடினார்.

மூன்றாவதாக, சென்னை வழக்கறிஞர்கள் பி.செஞ்சையா, வெங்கல் சக்கரை ஆகியோரின் குழு. அந்த மாநாட்டை ஒட்டி, இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். மேற்கத்திய சபை அமைப்பை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. சக்கரை பிற்பாடு சென்னையின் மேயராகவும் இருந்தார்.

மூன்று ஆண்டு கழித்து, பக்கத்திலேயே வேறொரு பதில் கிடைத்தது. பஞ்சாபில் சீக்கியராகப் பிறந்து, கனடாவில் கிறிஸ்தவரான பக்த் சிங், 1941-ல் பல்லாவரம் மலையில் உடன் ஊழியர்களோடு இரவு முழுக்க ஜெபித்தார். அதன்பிறகு சென்னையில் 'யெகோவா ஷம்மா' என்ற சபையைத் தொடங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து ஆராதனை. முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகச் சாப்பாடு. போதனையில் துளிகூட சமரசம் இல்லை. வடிவமோ முழுக்க இந்தியத்தனம். புத்தகத்தில் விவாதித்ததை அவர் பாய் விரித்துக் காட்டினார். அந்தச் சேர்ந்து சாப்பிடும் பந்தி, 1850-ல் மிஷனரிகள் வைத்த அதே பரீட்சை என்பதையும் கவனியுங்கள்.

சரி, இன்னைக்கு அந்தப் பரீட்சையில பாஸா?

இங்கேதான் விஷயம் வீட்டுக்குள் வருகிறது. திருமணத் தகவல் இணையதளங்களில் கிறிஸ்தவர் பகுதிக்குள் போனால், கீழேயே சாதிப் பிரிவுகளும் வரிசையாக நிற்கும். 'விசுவாசியாக இருக்க வேண்டும், ரட்சிக்கப்பட்டிருக்க வேண்டும்' என்ற வரிக்கு அடுத்து சாதிப் பெயர் இருக்கும் விளம்பரங்கள் ஞாயிறு நாளிதழ்களிலும் உண்டு.

சுவிசேஷ நம்பிக்கையின்படியே இது இடிக்கிறது. எல்லோரும் பாவிகள், எல்லோருக்கும் இலவசமாக மன்னிப்பு என்பதுதானே அடிப்படை? அப்படியென்றால், பிறப்பால் ஒருவர் உயர்வு என்று சொல்ல இடமே இல்லை. பொட்டைத் தொட்டால் விசுவாசம் போய்விடும் என்று பயப்படும் வீடு, சாதியைத் தொட்டால் ஏன் பயப்படுவதில்லை? காரணம் எளிது. கம்மல் காதில் தெரியும், அதனால் கண்காணிக்கலாம். சாதி மனதில் இருக்கிறது, அதை யாரும் கழற்றச் சொல்வதில்லை. இதைச் சபைக்குள்ளேயே தைரியமாகப் பிரசங்கிக்கும் போதகர்களும், சாதி மறுத்துத் திருமணம் செய்த விசுவாசிகளும் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை கூட வேண்டும் என்பதுதான் பிரச்னை.

சட்டமும் இதில் ஒரு முடிச்சு போட்டிருக்கிறது. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராக மாறிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து இல்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. மதம் மாறினால் சாதி இழிவு போவதில்லை, சலுகை மட்டும் போகிறது என்பது தலித் கிறிஸ்தவர்களின் நெடுநாள் குமுறல்.

குடும்பம்: கொடுத்ததும் எடுத்ததும்

ஞாயிறு சாட்சிகளைக் கவனித்தால் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். 'குடிச்சிட்டு அடிச்சார், இப்ப குடியை விட்டுட்டார்.' இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் டாஸ்மாக்குக்குப் போகாமல் வீட்டுக்கு வருவது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! புறநகரில் சொந்தக்காரர் யாரும் இல்லாத குடும்பத்துக்கு, ஆஸ்பத்திரியில் துணைக்கு நிற்க ஆள் வருவதும் சபையிலிருந்துதான். மைக் பிடித்து நாலு பேர் முன் பேசும் முதல் வாய்ப்பு பல பெண்களுக்கு அங்கேதான் கிடைக்கிறது.

மறுபக்கமும் உண்டு.

வன்முறை: அடிக்கும் கணவனோடு, 'பொறுத்துப் போம்மா, ஜெபம் பண்ணு' என்று அனுப்பிவைக்கும் ஆலோசனை சில இடங்களில் இன்னும் தொடர்கிறது. எபேசு சபைக்கு எழுதிய கடிதத்தில் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனத்தை எடுப்பவர்கள், அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்வதைச் சேர்த்துப் படிப்பதில்லை. 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எல்லா மதத்துக்கும் பொது. பெண்கள் உதவி எண்: 181.

விவாகரத்து: கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டுச் சட்டம். 2001 வரை, கணவன் விவாகரத்து கேட்க ஒரு காரணம் போதும். மனைவி கேட்டால் கூடுதலாக நிரூபிக்க வேண்டும் என்ற அநியாயம் இருந்தது. 2001 திருத்தம் அதைச் சமமாக்கியது, பரஸ்பர சம்மதத்துடன் பிரியவும் வழி கொடுத்தது.

வரதட்சணை: 'நாங்க கேட்கலை, நீங்க உங்க பொண்ணுக்குச் செய்யறதைச் செய்யுங்க' என்ற வசனம் எல்லா மதத்திலும் ஒன்றுதான். 1961 வரதட்சணைத் தடைச் சட்டமும் அப்படியே, எல்லோருக்கும் ஒன்று.

சுகவீனம்: சுகமளிக்கும் ஜெபத்தை நம்புகிறவர்கள் பெரும்பாலும் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். மருந்தே வேண்டாம் என்பவர்கள் சிறு பகுதிதான். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் தொடங்கிய பணிதான் இன்றைய சி.எம்.சி. ஜெபமும் ஸ்டெதஸ்கோப்பும் எதிரிகள் இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. மன அழுத்தத்தை 'விசுவாசக் குறைவு' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டெலிமானஸ் இலவச எண்: 14416.

காதல் வந்தா?

விசுவாசி வீட்டுப் பெண், இந்துப் பையன். அல்லது சி.எஸ்.ஐ. பையன், பெந்தெகொஸ்தே பெண். இந்த இரண்டாவது ஜோடிக்கே சில வீடுகளில் 'மறுபடி ஞானஸ்நானம் எடுத்தாதான்' என்ற நிபந்தனை வரும்.

சட்டப்படி வழிகள் தெளிவாக இருக்கின்றன. இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872, ஜோடியில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே பொருந்தும். ஆனால், நடத்திவைக்க சபை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் மதம் மாறாமல் திருமணம் செய்ய 1954 சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. 30 நாள் நோட்டீஸ் தேவை. எந்த முறையில் செய்தாலும், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும்.

மனதளவில் ஒன்று. கல்யாணத்துக்காக மட்டும் எடுக்கும் ஞானஸ்நானம் யாருக்கும் மரியாதை தராது. மனம் மாறாமல் சடங்கு செல்லாது என்பதுதானே சுவிசேஷ நம்பிக்கையின் முதல் பாடம்? இதைப் பெற்றோரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல முடியும். அவர்கள் பாஷையிலேயே பேசினால் அவர்கள் கேட்பதற்கு வாய்ப்பு அதிகம்.

நண்பர்களுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சில டிப்ஸ்

- பிரசாதம் வேண்டாம் என்றால், அது உங்களை வேண்டாம் என்பதல்ல. வற்புறுத்தாமல் விடுங்கள். மறுக்கிறவரும், 'எனக்கு வேண்டாம்பா, தேங்க்ஸ்' என்று சிரித்துச் சொன்னால் போதும். அடுத்தவர் சாமியைப் பற்றிய விமர்சனம் தேவையில்லை.
- 'ரட்சிக்கப்பட்டீங்களா?' என்று கேட்டால், விருப்பமில்லை என்று மரியாதையாகச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டவருக்கு அதை ஏற்கும் கடமையும் உண்டு.
- நகை போடவில்லையே, பூ வைக்கவில்லையே என்று விசேஷ வீட்டில் அந்தப் பெண்ணைச் சுற்றி நின்று பரிதாபப்படாதீர்கள். அது அவர் தேர்வாக இருக்கலாம்.
- அவர் தேர்வாக இல்லாமல், வீட்டின் கட்டாயமாக இருந்தால்? அப்போது அவருக்குத் தேவை வாதம் இல்லை, காது கொடுத்துக் கேட்கும் ஒரு ஃப்ரெண்ட்.
- சபையிலிருந்து விலகிய பிள்ளைகளோடு பேச்சை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. ஊதாரி மகன் திரும்பி வரும்வரை வாசலில் காத்திருந்த அப்பாவின் கதையைச் சொன்னவர் இயேசுதான். அந்த வாசல் கதவு திறந்தே இருந்தது.
- பிள்ளைகள் பக்கமும் ஒன்று. 'இது பைபிள்ல இருக்கா, நம்ம ஊர்ப் பழக்கமா?' என்று கேட்பது எதிர்த்துப் பேசுவதில்லை. பைபிள்தான் கடைசித் தீர்ப்பு என்று சொல்லிக்கொடுத்த வீட்டில், அது கேட்க வேண்டிய கேள்வி.

பூ வைப்பதா, வேண்டாமா என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடலாம். பவுலே கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். ஆனால், சாதியும் வரதட்சணையும் கை ஓங்குவதும் அந்தப் பட்டியலில் வராது. அடுத்த முறை வீட்டிலோ சபையிலோ 'இது பாவமா?' என்ற பேச்சு வந்தால், கம்மலில் தொடங்காமல் கல்யாண விளம்பரத்தில் தொடங்கிப் பாருங்கள். ஒருவேளை, கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் உண்மையான பேச்சு!